ஐஸ்-நைன்: ஒரு சில்லுப் பனிக்கட்டி கடலை உறைய வைக்க என்னென்ன வேண்டும்?

கர்ட் வானகட்டின் 'கேட்ஸ் கிரேடில்' 1963-இல் வெளிவந்த அமெரிக்க நாவல். அறிவியல் புனைவுதான், ஆனால் கடுமையான அங்கதம். அதில் உலகம் அணுகுண்டால் அழிவதில்லை, பனிக்கட்டியால் அழிகிறது. ஐஸ்-நைன் என்ற அந்தப் பனிக்கட்டியின் உருகுநிலை 114.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 45.8 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலிலும் உருகாது. அதைவிடப் பயங்கரமானது, அது தொட்ட நீரெல்லாம் அதுவாகவே உறைந்துபோகும். ஒரு துகள் ஓடையில் விழுந்தால் போதும்: ஓடை, அது கலக்கும் ஆறு, ஆறு கலக்கும் கடல் என்று வரிசையாக உறையும்.

இந்த வகைக் கதைகளைப் புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் "சும்மா கற்பனை" என்று தள்ளிவிடுகிறார்கள், இல்லையென்றால் அப்படியே நம்பிவிடுகிறார்கள். இரண்டிலும் நாவலின் பாதி கைநழுவிப் போகிறது. ஐஸ்-நைன் என்ற பொருள் உலகத்தில் இல்லை. ஆனால் ஒரு சிறு படிகம் தன்னைச் சுற்றியுள்ள திரவத்தை முழுவதுமாகத் தன் வடிவத்துக்கு இழுத்துக்கொள்வது நிஜம்; ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பது. உயிர்காக்கும் மருந்து ஒன்றையே அது சந்தையிலிருந்து நிறுத்தியிருக்கிறது. அந்த நிஜத்தைப் புரிந்துகொண்டால்தான், வானகட் எந்த இடத்தில் அறிவியலை நீட்டினார், எந்த இடத்தில் மனிதர்களின் அலட்சியத்தைக் குறிவைத்தார் என்பது தெரியும்.

ஒரே பொருள், பல அடுக்கு

திடப்பொருளில் மூலக்கூறுகள் ஒழுங்கான அடுக்கில் நின்றால் அது படிகம். ஒரே மூலக்கூறு ஒன்றுக்கு மேற்பட்ட விதத்தில் அடுக்கிக்கொள்ள முடியும். கார்பன் ஒரு விதமாக அடுக்கினால் பென்சில் கரி, வேறு விதமாக அடுக்கினால் வைரம். சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய்க்கு ஆறு படிக வடிவங்கள் உண்டு. ஐந்தாவது வடிவம்தான் பளபளப்பாக இருக்கும், கையில் உருகாமல் வாயில் சுமார் 34 டிகிரியில் உருகும். வெயிலில் இளகி மறுபடி இறுகிய சாக்லேட்டில் மேலே வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கெட்டுப்போனதல்ல, கொழுப்பு வேறு வடிவத்தில் படிகமாகியிருக்கிறது.

தண்ணீருக்கும் இப்படித்தான். குளிர்சாதனப் பெட்டியில் நாம் பார்ப்பது ஒரு வடிவம் மட்டுமே. 1900-இல் ஜெர்மானிய வேதியியலாளர் குஸ்தாவ் டாம்மான் அழுத்தத்தைக் கூட்டி இரண்டாம், மூன்றாம் வகைப் பனிக்கட்டிகளைக் கண்டார். பின்னர் ஹார்வர்டில் பெர்சி பிரிட்ஜ்மன் அழுத்தத்தை இன்னும் கூட்டி மேலும் சில வகைகளைச் சேர்த்தார். இன்றைக்கு எண்ணிக்கை இருபதைத் தொட்டு நிற்கிறது. அவற்றில் ஆறாம் வகை, நாம் உட்கார்ந்திருக்கும் அறையின் வெப்பநிலையிலேயே திடமாக இருக்கும். ஆனால் அதற்குக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு அழுத்தம் வேண்டும். அழுத்தத்தை விட்டால் உடனே நீராகிவிடும். ஏழாம் வகையைப் பூமியின் ஆழத்திலிருந்து வந்த வைரங்களுக்குள் சிக்கிய நிலையில் 2018-இல் அடையாளம் கண்டார்கள்.

நிஜமான ஒன்பதாம் வகைப் பனிக்கட்டியும் உண்டு. நாவல் வந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகு, 1968-இல், அதற்கு அந்த எண் கிடைத்தது. மூன்றாம் வகையை அழுத்தத்தில் வைத்தபடியே வேகமாகக் குளிர்வித்தால் கிடைக்கும். மைனஸ் 100 டிகிரிக்கும் வெகு கீழே, இரண்டாயிரம் மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தத்தில்தான் நிலைக்கும். கடலில் போட்டால் கரைந்துபோகும். கடலுக்கு ஒன்றும் ஆகாது. நாவலின் பொருளுக்கும் இதற்கும் எண் மட்டுமே பொது.

விதை ஏன் தேவைப்படுகிறது

ஐஸ்-நைன் 45.8 டிகிரி வரை உருகாது என்றால், சாதாரண அழுத்தத்தில் திரவ நீரைவிட அதுவே நிலையானது என்று பொருள். அப்படியானால் கடல் இத்தனை கோடி ஆண்டுகளாக ஏன் தானாகவே ஐஸ்-நைனாக மாறவில்லை? நாவலைப் படிக்கும் எவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். படிக வளர்ச்சியின் மொத்தப் பாடமும் இதன் பதிலில் இருக்கிறது.

மலைச்சரிவில் உருண்டு வரும் பாறை வழியில் ஒரு பள்ளத்தில் தங்கிவிடலாம். அடிவாரம்தான் அதற்கு உண்மையான ஓய்விடம்; ஆனாலும் பள்ளத்தின் விளிம்பைத் தாண்ட ஒரு தள்ளு வேண்டும். அது கிடைக்காதவரை அங்கேயே கிடக்கும். திரவத்திலிருந்து படிகம் பிறப்பதிலும் இப்படி ஒரு விளிம்பு உண்டு. முதலில் சில மூலக்கூறுகள் தற்செயலாகச் சரியான அடுக்கில் கூட வேண்டும். அந்தக் குட்டிக் கூட்டத்தில் பெரும்பாலான மூலக்கூறுகள் வெளிப்பரப்பில் இருக்கும். வெளிப்பரப்பில் இருப்பவற்றுக்குப் பிணைந்துகொள்ள அண்டை மூலக்கூறுகள் போதாது. அதனால் கூட்டம் சேர்வதைவிடக் கலைவதே அவற்றுக்கு லாபம். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டி வளர்ந்துவிட்டால் கணக்கு மாறும்: உள்ளே இருப்பவை மிகுதியாகி, வளர்வதே லாபமாகிவிடும். அதன்பின் அதைத் தடுக்க எதுவும் இல்லை.

விதைப் படிகம் செய்வது ஒன்றே ஒன்றுதான். அந்த முதல் அளவைத் தாண்டிய கூட்டத்தை வெளியிலிருந்து ஆயத்தமாகக் கொண்டுவந்து போடுகிறது. பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாகுக்குள் நூலைத் தொங்கவிடுவது, படிகம் பிடித்துக்கொள்ள ஓர் இடம் கொடுக்கத்தான்.

தூய நீருக்கும் இந்த விளிம்பு உண்டு. தூசி இல்லாத நுண்ணிய நீர்த்துளி மைனஸ் 38 டிகிரி வரைக்கும் உறையாமல் திரவமாகவே இருக்கும். பூஜ்ஜியத்தில் உறைய வேண்டியது, விதை கிடைக்காததால் காத்திருக்கிறது. ஐஸ்-நைன் கதையின் அடித்தளம் இவ்வளவே: உலகத்துக் கடல்களெல்லாம் உறைய வேண்டிய நிலையில் இருந்தும் விதை கிடைக்காமல் காத்திருப்பதாக வைத்துக்கொள், யாரோ அந்த விதையைச் செய்துவிட்டதாக வைத்துக்கொள்.

கண்ணால் பார்க்க ஒரு சோதனை

இதைப் பள்ளி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம். சோடியம் அசிடேட் ட்ரைஹைட்ரேட் என்ற உப்பு 58 டிகிரியில் உருகும். ஆனால் உருகியதைப் பதமாக ஆறவைத்தால் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகும் திரவமாகவே நிற்கும். அறை வெப்பத்தில், விதைக்காகக் காத்திருக்கும் திரவம். ஐஸ்-நைனுக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறில்லை.

சோடியம் அசிடேட் ட்ரைஹைட்ரேட் 100 கிராம், காய்ச்சி வடித்த நீர் 15 மில்லி. இரண்டையும் கண்ணாடிக் குடுவையில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, ஒரு துணுக்குகூட மிஞ்சாமல் தெளிவாகும்வரை சூடாக்குங்கள். நீரில்லாத சோடியம் அசிடேட்தான் கிடைத்தது என்றால் 60 கிராமுக்கு 55 மில்லி நீர். அதில் 40 மில்லி உப்புக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும். குடுவையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் பொடியைச் சில சொட்டு வெந்நீரால் கழுவி உள்ளே இறக்குங்கள். சுத்தமான மூடியால் மூடி, அசைக்காமல், கையில் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். ஒன்று, இரண்டு மணி நேரம் ஆகும். பிறகு மூடியைத் திறந்து அதே உப்பின் ஒரே ஒரு துகளைப் போடுங்கள்.

துகள் விழுந்த இடத்திலிருந்து வெள்ளை ஊசிகள் விசிறியாக விரியும். சில நொடிகளில் குடுவை முழுதும் கெட்டியாகிவிடும். இப்போது குடுவையைத் தொட்டுப் பாருங்கள்: சுடும். 50 டிகிரியைத் தாண்டும்.

சொதப்பினால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஆறும்போதே தானாக இறுகிவிட்டது என்றால் சுவரிலோ மூடியிலோ ஒரு துணுக்கு தங்கியிருந்தது, அதுவே விதையாகிவிட்டது. மறுபடி சூடாக்கினால் சரியாகும். துகள் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது அடியில் கொஞ்சம் மட்டும் படிந்தது என்றால் நீர் கூடிவிட்டது. கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு நீரைக் குறைக்க வேண்டும். மேலே ஏடு கட்டினால் நீர் போதவில்லை. கண்ணாடி அணிந்தே செய்யுங்கள். கொதிக்கும் இந்தக் கரைசல் தோலில் பட்டால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும். சிறுவர்கள் தனியாகச் செய்யக் கூடாது.

இதில் மிகவும் கவனிக்க வேண்டியது முதல் தோல்விதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு மொத்தத்தையும் மாற்றிவிடுகிறது. இந்த உப்பைத் தொட்ட கரண்டி, கை, மேசை எல்லாமே விதையைச் சுமக்கின்றன. பின்னால் சொல்லப்போகும் மருந்துத் தொழிற்சாலையில் நடந்ததும் இதுவே.

அந்தச் சூடு கதையை என்ன செய்கிறது

குடுவை ஏன் சுட்டது? திரவம் திடமாகும்போது வெப்பத்தை வெளிவிடும். உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் படித்தது. நீருக்கு அது கிலோவுக்கு 334 கிலோஜூல். நாவலில் எல்லாம் 'டக்'கென்று கல்லாகிவிடுகிறது. நிஜத்தில் இந்த வெப்பம் குறுக்கே நிற்கும்.

ஐஸ்-நைனின் உள்ளுறை வெப்பமும் சாதாரணப் பனிக்கட்டியின் அளவே என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 25 டிகிரியில் ஒரு கிலோ நீர். அதில் ஒரு பகுதி உறைந்ததும் வெளிவரும் வெப்பம் மீதியைச் சூடாக்குகிறது. 45.8 டிகிரியைத் தொட்டதும் உறைவது நின்றுவிடும், ஏனென்றால் அதற்கு மேல் ஐஸ்-நைன் உருகும். 25-இலிருந்து 45.8 வரை சூடாக 87 கிலோஜூல் போதும். 87-ஐ 334-ஆல் வகுத்தால் 0.26. அதாவது கால் பங்குக்குச் சற்று மேல் உறையும். மீதி முக்கால் பங்கு, சூடான கூழுக்குள் திரவமாகவே நிற்கும். மனித உடல் 37 டிகிரியில் இருப்பதால் அதன் நீரில் சுமார் 11 சதவீதம்தான் உடனே உறையும். ஆளைக் கொல்ல அது தாராளமாகப் போதும், ஆனால் சிலையாக விறைக்காது.

கடலின் சராசரி வெப்பநிலை நாம் நினைப்பதைவிடக் குறைவு, 3.5 டிகிரி அளவில்தான். ஆழக் கடல் முழுதும் குளிர்ந்து கிடக்கிறது. அதனால் அங்கே பாதிக்குச் சற்று மேல் ஒரே வீச்சில் உறையும். மீதியும் உறைய வேண்டுமானால் வெப்பம் விண்வெளிக்குப் போக வேண்டும். கடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 100 வாட் வீதம் வெப்பத்தை இழப்பதாக வைத்தால், கணக்கு ஏறக்குறைய 190 ஆண்டுக்கு வருகிறது. நாவலில் சில நொடிகளில் முடிந்தது, இரண்டு நூற்றாண்டு இழுக்கும். அதுவரை பூமியைச் சுற்றி 45 டிகிரிச் சூட்டில் உப்புக்கூழ் கடல். வானகட் தந்த முடிவைவிட இது எந்த விதத்திலும் ஆறுதலானதல்ல. இதைக் கணக்கிடாமல் விட்டது அவர் பிழை என்று நான் நினைக்கவில்லை. அங்கதத்துக்கு அந்த வேகம் வேண்டும். ஆனால் இந்த வகையில் எழுத நினைப்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வெந்து உறையும் கடல் என்ற புதுக் கதையே கிடைக்கும்.

இன்னொரு விளைவும் உண்டு. திரவத்தைவிட நிலையான திடத்தின் மேல் நீராவி அழுத்தம் குறைவாக இருக்கும். 25 டிகிரியில் இந்தக் குறைவு ஏறக்குறைய 15 சதவீதம் வரும். எனவே ஐஸ்-நைன் பரவிய உலகத்தில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டாது. அதற்குமேல் இருக்கும் ஈரத்தை ஐஸ்-நைனே இழுத்துக்கொள்ளும். நீர்த்துளி மேகம் உருவாக இடமே இல்லை. நாம் அறிந்த மழை அத்தோடு நின்றுபோகும்.

கற்பனைப் பொருளுக்குச் சொன்ன இந்த விதி குளிர்ந்த மேகங்களுக்குள் இன்றும் நடக்கிறது. உறையாத நீர்த்துளிகளுக்கு நடுவே ஒரு பனிப்படிகம் வந்தால் அது துளிகளின் ஈரத்தை இழுத்துக்கொண்டு வளர்ந்து, கனமாகி, கீழே விழும். செயற்கை மழையின் தத்துவமே இதுதான். இங்கிருந்துதான் ஐஸ்-நைனும் பிறந்தது.

ஸ்கெனக்டடி

நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனக்டடி நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகம். அங்கே இர்விங் லாங்மியூர் பெரிய ஆள். 1932-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். 1946 ஜூலையில் அவருடைய உதவியாளர் வின்சென்ட் ஷேஃபர், உள்ளே கறுப்பு வெல்வெட் ஒட்டிய உறைபெட்டிக்குள் மூச்சை ஊதி மேகம் உண்டாக்கிக்கொண்டிருந்தார். பெட்டி போதுமான அளவு குளிரவில்லை என்று ஒரு டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) துண்டைப் போட்டார். மைனஸ் 78 டிகிரித் துண்டு பட்டதும் பெட்டி முழுக்கப் பனிப்படிகம் மின்னியது. நவம்பரில் விமானத்திலிருந்து மசாசூசெட்ஸ் மேகம் ஒன்றின்மேல் தூவினார். மேகத்திலிருந்து பனி விழுந்தது.

அதே மாதம் அதே ஆய்வகத்தில் இன்னொருவர் வேறு வழியில் யோசித்தார். பனிக்கட்டியின் அடுக்கைப் போலவே அடுக்குள்ள பொருள் ஏதாவது இருந்தால் அதுவே விதையாகும் அல்லவா? படிக அட்டவணைகளில் தேடி சில்வர் அயோடைடைப் பிடித்தார். அறுகோண அடுக்கு; மூலக்கூறு இடைவெளி பனிக்கட்டியினுடையதிலிருந்து சுமார் 1.5 சதவீதமே வேறுபடும். அதன் புகை நீர்த்துளிகளை ஏமாற்றிப் பனியாக உறைய வைத்தது. இன்றும் செயற்கை மழைக்குத் தூவுவது அதைத்தான். அந்த ஆராய்ச்சியாளர் பெயர் பெர்னார்ட் வானகட், நாவலாசிரியரின் அண்ணன். தம்பி கர்ட் 1947-இல் அதே நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். ஆய்வகக் கதைகளெல்லாம் அவர் காதுக்கு வந்தன. அறை வெப்பத்திலும் உருகாத பனிக்கட்டி என்ற யோசனையை லாங்மியூர்தான் முன்பு ஹெச். ஜி. வெல்ஸுக்குக் கதைக்கருவாகச் சொன்னதாகவும், வெல்ஸ் அதைத் தொடவில்லை என்றும், இருவரும் இறந்த பிறகு தான் எடுத்துக்கொண்டதாகவும் வானகட் பின்னாளில் சொன்னார். நாவலில் ஐஸ்-நைனைச் செய்யும் விஞ்ஞானி ஃபீலிக்ஸ் ஹோனிக்கருக்கு லாங்மியூரின் சாயலை அவர் கொடுத்தார்.

அந்தச் சாயலுக்குக் காரணம் உண்டு. 1947-இல் அமெரிக்க ராணுவத்தோடு சேர்ந்து 'புராஜெக்ட் சிர்ரஸ்' என்ற மேகத் தூவல் திட்டம் தொடங்கியது. அக்டோபர் 13 அன்று, ஃபுளோரிடாவைக் கடந்து அட்லாண்டிக்கில் விலகிப் போய்க்கொண்டிருந்த ஒரு சூறாவளியின்மேல் விமானத்திலிருந்து ஏறக்குறைய 80 கிலோ டிரை ஐஸைக் கொட்டினார்கள். சூறாவளி திசை திரும்பி, அக்டோபர் 15 அன்று ஜார்ஜியாவின் சவானா நகருக்கு அருகே கரையில் மோதியது. வழக்குப் போடப்போவதாக மக்கள் கொதித்தார்கள். தூவுவதற்கு முன்பே அது திரும்பத் தொடங்கிவிட்டது, 1906-இலும் ஒரு புயல் இதே போலத் திரும்பியது என்பதெல்லாம் பின்னால் தெரிந்த செய்தி. லாங்மியூரோ திருப்பியது தங்கள் தூவல்தான் என்பதில் உறுதியாக இருந்தார். தன் கையால் ஒரு நகரத்தின்மேல் புயல் திரும்பியதாக நம்பும் ஒருவர், பயப்படுவதற்குப் பதில் இன்னும் பெரிதாகச் செய்ய விரும்பினார் என்பதைக் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டும். பிற்பாடு வியட்நாம் போரில் அமெரிக்கா 1967 முதல் 1972 வரை மேகங்களில் விதை தூவி எதிரியின் சாலைகளைச் சேறாக்க முயன்றது. அது வெளியே தெரிந்த பின்னரே, வானிலையை ஆயுதமாக்குவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம் 1977-இல் கையெழுத்தானது.

நாவலில் எல்லாம் தொடங்குவதும் சேற்றில்தான். மரைன் (கடற்படைக் காலாட்படை) வீரர்கள் சேற்றில் உழல்வது அலுத்துப்போன ஒரு ஜெனரல், சேற்றை ஒழிக்க ஏதாவது செய்யக்கூடாதா என்று விஞ்ஞானியிடம் கேட்கிறார். ஹோனிக்கருக்கு அது சுவாரசியமான புதிர், செய்து முடிக்கிறார். தன் பிள்ளைகளைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. விடுமுறை வீட்டின் சமையலறையில் பாத்திரங்களில் வைத்து விளையாடிப் பார்க்கிறார், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இறந்துபோகிறார். வீட்டு நாயும் விறைத்துக் கிடக்கிறது. வந்து பார்த்த மூன்று பிள்ளைகளும் அந்தச் சில்லைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மகள் அதைக் கொடுத்து ஒரு கணவனைப் பெறுகிறாள். மூத்த மகன் ஒரு குட்டித் தீவு நாட்டில் பதவி வாங்குகிறான். இளையவனிடமிருந்து அது ஒரு நடனக்காரி வழியாகச் சோவியத்துக்குப் போகிறது. இவர்களில் உலகத்தை அழிக்க நினைத்தவர் ஒருவர்கூட இல்லை. அந்தச் சில்லு எங்கே போய் நிற்கும் என்று கேட்டவரும் இல்லை. நாவலில் என்னை இன்றும் உலுக்குவது உறைந்த கடல் அல்ல, இந்தப் பங்கு பிரிப்புதான்.

கதைக்கு வெளியே

1998-இல் அபாட் நிறுவனத்தின் ரிட்டோனவிர் காப்ஸ்யூலுக்கு நடந்தது ஐஸ்-நைனின் நிஜ வடிவம். எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான மருந்து, 1996-இல் சந்தைக்கு வந்தது. ஒரே ஒரு படிக வடிவம்தான் உண்டு என்று நம்பினார்கள். ஏறக்குறைய 240 தொகுதிகள் எந்தச் சிக்கலும் இல்லாமல் தயாராயின. திடீரென்று சில தொகுதிகள் கரைசல் சோதனையில் தோற்றன. பார்த்தால் காப்ஸ்யூலுக்குள் இதுவரை யாரும் பார்க்காத இரண்டாம் படிக வடிவம். முதலாவதைவிட நிலையானது, அதனாலேயே கரைவது வெகு குறைவு. கரையாத மருந்து ரத்தத்தில் சேராது.

அதன்பின் நடந்ததுதான் பாடம். எங்கெல்லாம் இரண்டாம் வடிவம் தலைகாட்டியதோ அங்கெல்லாம் முதல் வடிவத்தைச் செய்யவே முடியாமல் போனது. ஆய்வகங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. இத்தாலியில் மூலப்பொருள் தயாரிக்கும் ஆலை மட்டும் சுத்தமாக இருந்தது. இரண்டாம் வடிவத்தோடு பழகிய ஆய்வுக்குழு அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தது; பிறகு அங்கேயும் அது தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத துகளை ஆடையிலோ காகிதத்திலோ சுமந்து போயிருக்கலாம். காப்ஸ்யூல் விநியோகம் நின்றது. நோயாளிகள் கசப்பான திரவ மருந்துக்கு மாற வேண்டியிருந்தது. மறுபடி வேறு கலவையில் காப்ஸ்யூல் வர 1999 ஆனது. அதற்குப் பிறகு மருந்து நிறுவனங்கள், ஒரு மூலக்கூறின் எல்லாப் படிக வடிவங்களையும் முன்கூட்டியே தேடிப் பார்ப்பதைப் பெரிதாக எடுத்துக்கொண்டன.

உயிரணுக்களிலும் இதற்கு உறவு உண்டு. பிரியான் என்பது தவறாக மடிந்த ஒரு புரதம். தான் தொட்ட சரியான புரதத்தையும் தன்னைப் போலவே தவறாக மடியச் செய்யும். சமைத்தாலும் அழியாது. பிரிட்டனில் மாடுகளின் எலும்பையும் இறைச்சிக் கழிவையும் அரைத்து மாடுகளுக்கே தீவனமாகப் போட்டார்கள். மலிவான புரதம் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. 1986-இல் பைத்திய மாட்டு நோய் அடையாளம் காணப்பட்டது. 1988-இல் தீவனம் தடை செய்யப்பட்டது. 1996-இல் மனிதர்களுக்கும் வந்திருப்பது உறுதியானது. விதை, பரப்பும் வழி, யாரும் கேட்காத கேள்வி, மூன்றும் இங்கேயும் இருந்தன.

பயம் பொய்யாகிப்போன கதையும் ஒன்று சொல்ல வேண்டும். 1960-களில் சோவியத்தின் நிகோலாய் ஃபெத்யாகின், போரிஸ் தெர்யாகின் இருவரும் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களுக்குள் ஒரு விநோத நீரைக் கண்டார்கள். கெட்டியானது, மைனஸ் டிகிரியிலும் சுலபத்தில் உறையாதது. மேற்கில் அதற்கு 'பாலிவாட்டர்' என்று பெயர் வைத்தார்கள். 1969-இல் அமெரிக்காவிலிருந்து எஃப். ஜே. டோனஹோ 'நேச்சர்' இதழுக்கு எழுதிய கடிதத்தில், இது பூமியிலேயே மிக ஆபத்தான பொருள், சாதாரண நீரைத் தின்று வளரக்கூடியதா என்பது தெரியும்வரை வெளியே விடக்கூடாது என்று எச்சரித்தார். அப்படியே ஐஸ்-நைன். கடைசியில் அமெரிக்க விஞ்ஞானி டெனிஸ் ரூசோ தன் வியர்வையை எடுத்து ஆராய்ந்தார். பாலிவாட்டரின் அகச்சிவப்புப் பதிவும் அதுவும் ஒத்துப்போயின. குழாய்களில் இருந்தது அழுக்கு கலந்த நீர். 1973-இல் தெர்யாகினே ஒப்புக்கொண்டார்.

பாலிவாட்டர் பயத்தை ஒரு எளிய கேள்வியால் முன்பே சோதித்திருக்கலாம். சாதாரண நீரைவிட நிலையானது, கண்ணாடியில் பட்டாலே உண்டாகும் என்றால், பூமியில் மணலுக்கும் குவார்ட்ஸுக்கும் பஞ்சமில்லையே. இத்தனை கோடி ஆண்டில் இயற்கை ஏன் செய்து முடிக்கவில்லை? 1999-இல் நியூயார்க்கின் புரூக்ஹேவன் துகள் மோதுவிக்கு இதே கேள்வியைப் போட்டார்கள். அதில் பிறக்கும் விசித்திரத் துகள் ஒன்று ஐஸ்-நைன் மாதிரிச் சுற்றியுள்ள பொருளை விழுங்குமோ என்ற பேச்சு எழுந்தது. இயற்பியலாளர்கள் உட்கார்ந்து அறிக்கை எழுதினார்கள்: விண்ணிலிருந்து வரும் கதிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிலவை இதே வேகத்தில் மோதுகின்றன, நிலவு அப்படியே இருக்கிறது. 2000-இல் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

இயற்கை ஒருபோதும் செய்யாததைச் செய்யும்போது இந்த ஆறுதல் கிடையாது. இடது கை, வலது கை போல மூலக்கூறுகளுக்கும் இரு பக்கம் உண்டு; எல்லா உயிர்களின் புரதங்களும் ஒரே பக்கம் திரும்பியவை. அவற்றின் கண்ணாடிப் பிம்பமான மூலக்கூறுகளால் ஒரு பாக்டீரியாவையே கட்டினால், நம் நோய் எதிர்ப்பு அதை அடையாளம் காணாமல் போகலாம்; பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களாலும் அதை ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். அதைச் செய்ய இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆகலாம் என்கிறார்கள். 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் 'சயன்ஸ்' இதழில் சேர்ந்து எழுதினார்கள்: பாதுகாப்பானது என்று வலுவான சான்று கிடைக்காதவரை கண்ணாடி உயிரியை உருவாக்கக் கூடாது, அதற்கு யாரும் பணம் தரவும் கூடாது. கையெழுத்திட்டவர்களில் சிலர் அதுவரை அந்த உயிரியை நோக்கியே வேலை செய்துகொண்டிருந்தவர்கள்.